நாமா பாட்டியின் ஆங்கிலத்தில் 'கோட்': ஆடா, மேலங்கியா?

பாளைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். ஆங்கில ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையை வீட்டிலிருந்தே ஒன்பது வருஷமாகச் செய்கிறேன். மருத்துவர்கள், வக்கீல்கள், பல நாட்டுப் பேராசிரியர்கள் என்று எத்தனையோ குரல்களைக் கேட்டாயிற்று. இந்த மாதம் வந்திருக்கும் வேலை என்னைத் தூங்கவிடவில்லை. தெற்கு நமீபியாவில் எடுத்த வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகள். பேசுகிறவர்கள் எல்லாருமே வயதானவர்கள். தாய்மொழி கொயெகொயெகோவப், நாமா மக்களும் டமரா மக்களும் பேசும் மொழி. பேட்டி மட்டும் ஆங்கிலத்தில்.

மென்பொருள் ஒரு வரைவு கொடுக்கும், நாங்கள் கேட்டுத் திருத்தவேண்டும். ஒரு பாட்டிக்கு எழுபது வயதிருக்கும். நிதானமான, கனிந்த குரல். 'என் அப்பாவிடம் நாற்பது கோட் இருந்தது' என்கிறார். மென்பொருள் நாற்பது மேலங்கி என்று எழுதி வைத்திருக்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே அதில் முப்பது வறட்சியில் செத்துப்போகிறது! ஆடு என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதே பதிவில் 'பேக்' என்று ஒரு சொல் ஏழு தடவை வருகிறது. பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? ஆறு 'ட்ரை' ஆகிவிட்டது என்கிறார். வறண்டது என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் இதைப் பார்த்தவர் 12 நிமிஷத்தில் 31 இடத்தில் 'புரியவில்லை' என்று குறி போட்டிருக்கிறார். வேலை கொடுத்தவர்கள் அனுப்பிய வழிகாட்டியில் 'நமீபிய உச்சரிப்பு' என்று ஒரே ஒரு பத்தி இருக்கிறது. லகரமும் ரகரமும் இடம் மாறி வரும் என்கிறது. நான் மூன்று மணி நேரப் பதிவு கேட்டுவிட்டேன், ஒரு தடவைகூட அப்படி வரவில்லை.

இந்த மக்களின் ஆங்கில மெய்யெழுத்துகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும் என்று என் காது சொல்கிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அந்த 31 இடத்தையும் நிரப்பாமல் கோப்பைத் திருப்பித் தர எனக்கு மனசில்லை.

முத்துநகர்

அக்கா, அது நாக்கைச் சொடுக்கிப் பேசும் மொழிதானே? அந்தச் சொடுக்கு ஆங்கிலத்துக்குள்ளும் வந்து விழுவதால்தான் மென்பொருள் தடுமாறுகிறதோ?

கீட்மன்ஸ்ஹூப்_வாத்தியார்

தம்பி, அது பலரும் நினைப்பதுதான், ஆனால் அப்படி இல்லை. நான் நமீபியாவின் தெற்கில் ஆறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு இதுதான் வீட்டுமொழி. அவர்கள் பேசிய ஆங்கிலச் சொற்களில் சொடுக்கு விழுந்து நான் கேட்டதே இல்லை. சொடுக்கு அவர்களுக்கு நம் க, ச, த மாதிரி ஒரு மெய். நாம் ஆங்கிலம் பேசும்போது நடுவில் ழகரம் வந்து விழுகிறதா என்ன?

சொடுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால், பாதி உங்களுக்கே தெரியும். ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுகிறோமே, அது ஒன்று. வண்டிக்காரர் மாட்டை முடுக்க வாயின் ஓரத்தில் ஒரு சத்தம் கொடுப்பார், அது இன்னொன்று. மூன்றாவது, பாட்டில் மூடி கழன்ற மாதிரி 'டொக்' என்று விழும். நான்காவது நாக்கை அண்ணத்தில் அகலமாக ஒட்டிப் பிடுங்குவது. இந்த நான்கையும் ஐந்து விதமாகச் சொல்வார்கள். மூச்சோடு ஒன்று, மூக்கொலியோடு ஒன்று, தொண்டையை அடைத்து ஒன்று என்று போகும். மொத்தம் 20 சொடுக்கு மெய்கள். எழுத்தில் செங்குத்தாக ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, ஆச்சரியக்குறி, இரண்டு குறுக்குக் கோடு போட்ட நெடுங்கோடு என்று நான்கு அடையாளம். முதல் வருஷம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ஒரு பெயரில் ஆச்சரியக்குறி இருந்ததை அச்சுப்பிழை என்று அடித்துவிட்டேன். அந்தப் பையன் எழுந்து நின்று தன் பெயரை எனக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தான்.

பாளைக்காரி அம்மா, உங்கள் வழிகாட்டியில் உள்ள லகர ரகரக் குழப்பம் ஓஷிவாம்போ மொழிக்காரர்களைப் பற்றிச் சொல்லப்படுவது. அது வடக்கே பேசும் பாண்டு இன மொழி, நாட்டில் பாதி வீடுகளில் அதுதான். கொயெகொயெகோவப் வேறு குடும்பம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 11 சதவீத வீடுகள் இதைப் பேசுவதாகக் கணக்கு. 'நமீபிய உச்சரிப்பு' என்று ஒரே பத்தியில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

ஒலிவடிவன்

ஒலியியலில் ஆய்வு செய்கிறேன். அக்கா, உங்கள் கோட், பேக், ட்ரை மூன்றுமே ஒரே சிக்கல். அதைத் தமிழில் எழுதிக் காட்டுவதற்கு முதலில் ஒரு ஏற்பாடு வேண்டும். ஏனென்றால் நம் எழுத்திலும் அந்த வித்தியாசம் கிடையாது.

'பாம்பு' என்று கழுத்தில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் ப-வில் தொண்டை அதிராது, இரண்டாவது ப-வில் அதிரும். முதலாவதை முன்-ப என்றும் இரண்டாவதைப் பின்-ப என்றும் வைத்துக்கொள்வோம். 'தந்தி'யில் முன்-த, பின்-த. 'கங்கு' என்றால் முன்-க, பின்-க. ஆங்கிலத்தில் மேலங்கி முன்-க-வில் தொடங்கும், ஆடு பின்-க-வில் தொடங்கும். தமிழில் இந்த இரண்டும் தனித்தனி எழுத்தாக இல்லை, காரணம் இடத்தைப் பார்த்தே எது வரும் என்று நமக்குத் தெரியும். கொயெகொயெகோவப்பிலும் அதேதான். தொண்டை அதிர்கிறதா இல்லையா என்பதை வைத்து அந்த மொழியில் பொருள் மாறாது.

ஆனால் அவர்கள் எழுத்தில் ஆங்கிலத்தின் இரண்டு வரிசை எழுத்தும் உண்டு. அதை அவர்கள் வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அது சுருதி மொழி, அதாவது குரலின் சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறும். உயர்ந்த சுருதியில் வரும் சொல்லுக்கு முன்-ப, முன்-த, முன்-க எழுத்துகள். தாழ்ந்த சுருதிக்குப் பின் வரிசை எழுத்துகள். எழுத்து இரண்டானாலும் மெய் ஒன்றுதான், மாறுவது குரலின் ஏற்ற இறக்கம். எனக்கு இது மிக அழகான ஏற்பாடாகத் தெரிகிறது.

இனி ஆங்கிலக் காதுக்கு என்ன கேட்கிறது என்று பார்ப்போம். ஆங்கிலேயர் சொல்லின் தொடக்கத்தில் முன்-ப சொல்லும்போது கூடவே ஒரு மூச்சு வெடிக்கும். உள்ளங்கையை வாய்முன் வைத்தால் தெரியும். உதடு திறந்ததற்கும் தொண்டை அதிரத் தொடங்குவதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அவர்களுக்கு அடையாளம். 1964-இல் லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரண்டு ஒலியியல் ஆய்வாளர்கள் 11 மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள், அதில் தமிழும் ஒன்று. ஆங்கில முன்-ப-வுக்கு 60 மில்லிவிநாடிக்குக் கிட்ட வந்தது. தமிழுக்கு 10-ஐ ஒட்டித்தான். ஆங்கிலப் பின்-ப-வுக்கும் பெரும்பாலும் அதே அளவு சின்ன இடைவெளிதான். ஆகவே மூச்சில்லாமல் முன்-ப சொன்னால் ஆங்கிலக் காது அதைப் பின்-ப என்று எடுத்துக்கொள்ளும்.

உங்கள் பாட்டி ஆடு, மேலங்கி இரண்டையும் மூச்சில்லாத ஒரே க-வில் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அதில் அதிர்வும் இல்லை, மூச்சும் இல்லை என்பதால் மென்பொருள் எந்தப் பக்கமும் சாயலாம். அந்த இடத்தை ப்ராட் என்ற ஒலி அளக்கும் மென்பொருளில் திறந்து அளந்து பாருங்களேன்.

பாளைக்காரி

நேற்று ராத்திரி உட்கார்ந்து அளந்தேன் தம்பி. அந்த 'கோட்' வரும் நான்கு இடத்திலும் 20-க்கும் 30-க்கும் நடுவில்தான். வேறொரு இடத்தில் 'கிச்சன்' என்கிறார், அதுவும் 25-ஐ ஒட்டியே. நீங்கள் சொன்னது அப்படியே வருகிறது. உள்ளங்கையை என் வாய்முன் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் மூச்சு வரவில்லை! அதனால்தான் மென்பொருளுக்கு மேலங்கியாகப் பட்டது எனக்குச் சட்டென்று ஆடாக ஆனதோ என்னவோ.

இப்போது இன்னொரு குழப்பம். கொயெகொயெகோவப்பின் மெய்ப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். எஃப் இல்லை, வி இல்லை, லகரம் இல்லை, ஷகரம் இல்லை, ஜகரம் இல்லை. ஆனால் பாட்டி 'ஃபாதர்', 'ஃபார்ட்டி' எல்லாம் சுத்தமாகச் சொல்கிறார். பட்டியல்படி ப வந்திருக்கவேண்டும் இல்லையா?

கீட்மன்ஸ்ஹூப்_வாத்தியார்

அங்கேதான் அம்மா விஷயமே இருக்கிறது. அந்தப் பாட்டி ஆங்கிலத்துக்கு நேராகத் தாய்மொழியிலிருந்து வரவில்லை. நடுவில் ஆப்பிரிக்கான்ஸ் இருக்கிறது, டச்சிலிருந்து பிறந்த தென்னாப்பிரிக்க மொழி.

நமீபியா விடுதலை பெற்றது 1990 மார்ச் 21. அன்றிலிருந்து ஆங்கிலம் ஒன்றே ஆட்சிமொழி. அதற்கு முன்னால் தென்னாப்பிரிக்காவின் ஆட்சி, தெற்கில் பள்ளி, கடை, பண்ணை, காவல் நிலையம் எல்லாவற்றிலும் ஆப்பிரிக்கான்ஸ். எழுபது வயதுப் பாட்டிக்கு விடுதலை வந்தபோது 35 இருந்திருக்கும். பள்ளியில் அவர் படித்தது ஆப்பிரிக்கான்ஸ் வழி. ஆங்கிலம் அதற்குமேல் வந்து உட்கார்ந்த மூன்றாவது மொழி. எஃப் ஒலியை அவர் ஏழெட்டு வயதிலேயே ஆப்பிரிக்கான்ஸில் பழகிவிட்டார்.

லகரமும் அப்படித்தான். அவர்கள் பைபிளில் கடவுளுக்குப் பெயர் 'ஏலோப்'. பாதிரிமார் கொண்டுவந்த சொல், லகரம் நட்ட நடுவில் நிற்கிறது. 1831-லேயே நற்செய்திகள் நாமா மொழியில் அச்சாகிவிட்டன. ஷ்மேலன் என்ற பாதிரியாரும் அவர் மனைவி சாராவும் செய்த மொழிபெயர்ப்பு அது. அந்த அம்மாள் நாமா மொழிக்காரர், அவர் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏலோப் என்று பாடும் மக்களுக்கு லகரம் எப்படி வராமல் போகும்?

இனி அந்தப் பக்கத்துக் குணங்களைக் கேளுங்கள். ஆப்பிரிக்கான்ஸிலும் ப, ட, க-வுக்கு மூச்சு கிடையாது. தாய்மொழியும் மூச்சில்லாமல், பள்ளிமொழியும் மூச்சில்லாமல். இரண்டு வாய்க்காலும் ஒரே வயலுக்குப் பாய்கிறது. அப்புறம், ஆப்பிரிக்கான்ஸ்காரருக்கு டபிள்யூ எழுத்து வி போலத்தான் ஒலிக்கும். அதனால் காற்று, கிணறு இரண்டையும் பல் உதட்டில் பட வி போட்டுத் தொடங்குவார்கள். இசட் ஒலி அநேகமாக ஸ் ஆகிவிடும். 'தி' என்று நாக்கு நுனியை நீட்டும் ஒலி என் வகுப்பில் ட ஆகிவிடும். கணக்கு வகுப்பில் 'ட்ரீ' என்றால் மூன்று, மரம் இல்லை. ஆறு வருஷத்தில் எனக்கே அது பழகி, ஊருக்கு வந்தபின் என் மகள் திருத்தினாள்.

கொங்குத்தென்றல்

நானும் டிரான்ஸ்கிரிப்ஷன் குழு நடத்துகிறவன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்க வேண்டாம். ஒரு மணி நேரப் பதிவுக்கு இவ்வளவு கூலி என்று பேசித்தான் வாங்குகிறோம். ஒரு 'க'வை அளக்க ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் மாசக் கடைசியில் கையில் என்ன நிற்கும்? சந்தேகம் இருந்தால் புரியவில்லை என்று போடுவதுதான் நேர்மை. ஊகித்து எழுதி, அது தப்பாகிப்போனால் அந்தப் பாட்டி சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடாதா? என் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பாளைக்காரி

அண்ணா, கூலிக் கணக்கு எனக்கும் தெரியும். ஊகிக்கக் கூடாது என்பதும் சரிதான். ஆனால் அந்த ஒழுங்கு தெரிந்தபின் எழுதினால் அதை ஊகம் என்று சொல்ல முடியாது. 31 குறியில் 19 வெறும் முன்-பின் சிக்கல். இரண்டு பக்கமும் வாக்கியம் தெளிவாக நிற்கிறது, ஒரே ஒரு பொருள்தான் பொருந்தும். அந்த இடத்தில் 'புரியவில்லை' என்று போட்டால், பாட்டி தெளிவாகச் சொன்னதை நான் தெளிவில்லை என்று பதிவு செய்கிறேன். அதுவும் பொய்தானே அண்ணா. நாளைக்கு அவர் பேரப்பிள்ளை படிக்கப்போகும் பக்கம் அது.

வேலணையூரான்

நல்ல திரி. யாழ்ப்பாணத்துப் பக்கத்தில இருந்து ஒரு விசயம் சொல்லோணும் போல இருக்கு.

அந்த மெய்ப் பட்டியலைப் பார்க்கேக்க ஒண்டு கண்ணில பட்டது. கொயெகொயெகோவப்பில த என்ற மெய் இரண்டு உயிருக்கு நடுவில வந்தால் ரகரமாய் மாறிவிடுமாம், நாக்கு ஒருக்காத் தட்டிப்போட்டுப் போற ர. அதே மாதிரி ப நடுவில வந்தால் உதடு ஒட்டாமல் வ மாதிரிக் குழையுமாம். 'கோவப்' எண்டா பேச்சு, மொழி. அதில நடுவில வாற வ, உண்மையில ப-வின்ர இன்னொரு முகம்.

எங்கட றகரத்தை நினைச்சுப் பாருங்கோ. தனிய நிண்டா 'மறம்', ரகரத்துக்குக் கிட்ட. இரட்டிச்சா 'வெற்றி', எங்கட ஊரில அதை ஆங்கில டி ஃபார் டைகர் மாதிரியே நுனிநாக்கு முரசில பட்டுச் சொல்லுவம். ஒரே எழுத்து, ஒரு இடத்தில அடைக்கும், ஒரு இடத்தில தட்டும். அதாலதான் நாங்கள் 'ரொறன்ரோ' எண்டு எழுதுறம், தமிழ்நாட்டார் 'டொரண்டோ' எண்டு எழுதுறியள். ஆபிரிக்காவின்ர தெற்கு மூலையில ஒரு மொழி அதே வழியில போகுது எண்டதைப் படிச்சதும் எனக்குச் சந்தோசமாப் போச்சு.

என்ர கேள்வி இதுதான். அப்படியெண்டா பாட்டியின்ர ஆங்கிலத்தில 'வாட்டர்' எண்டது 'வாரர்' எண்டு வருகுதா?

ஒலிவடிவன்

ஐயா, றகரத்தை இதோடு சேர்த்து நான் யோசித்ததே இல்லை. மிக்க நன்றி.

உங்கள் கேள்வி இந்த விவாதத்திலேயே முக்கியமானது. கொயெகொயெகோவப்பில் ஒரு சொல்லின் வேரை எடுத்துக்கொண்டால், தொடக்கத்தில் என்ன மெய் வேண்டுமானாலும் நிற்கலாம். 20 சொடுக்கு, அதற்குமேல் ஒரு டஜன் அளவுக்குச் சாதாரண மெய்கள். மொத்தச் செல்வமும் வாசலில் குவிந்திருக்கிறது. ஆனால் வேரின் நடுவில் இரண்டு உயிருக்கு இடையே நிற்கக்கூடியவை ம, ந, குழைந்த வ, தட்டும் ர, இந்த நான்குதான். சொல்லின் கடைசியிலும் அப்படியே ஒரு சிறு கூட்டம். ஆணைக் குறிக்க ஒரு ப், பெண்ணைக் குறிக்க ஒரு ஸ், பன்மைக்கு ஒரு ந் என்று பெரும்பாலும் விகுதிகள். 'கொயெப்' என்றால் ஆண், 'கொயெஸ்' என்றால் பெண். அந்த ஆண் விகுதியை எழுதுவது பின்-ப-வால், வாயில் வருவது முன்-ப.

ஆங்கிலமோ சொல்லின் நடுவிலும் கடைசியிலும் மூட்டை மூட்டையாக மெய் வைக்கிற மொழி. ஆகவே எந்த ஒலி இல்லை என்று தேடுவதைவிட, எந்த ஒலி எந்த இடத்தில் நிற்கும் என்று பார்ப்பதுதான் பயன். தொடக்கத்தில் பாட்டியின் மெய்கள் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும், முன்-பின் ஒன்றைத் தவிர. தொந்தரவு கடைசியில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. அக்காவின் 'பேக்' இரண்டு முனையிலும் மாட்டிக்கொள்கிறது. முதலில் முன்-ப பின்-ப சந்தேகம், கடைசியில் முன்-க பின்-க சந்தேகம். ஆப்பிரிக்கான்ஸும் அங்கே உதவாது. அதில் சொல்லின் கடைசியில் அதிர்வொலி நிற்கவே நிற்காது. கை என்ற சொல்லை ஆங்கிலம் போலவே டி ஃபார் டாக் போட்டு எழுதுவார்கள், ஒலிப்பது டி ஃபார் டைகர்.

ஒரு துப்பு இருக்கிறது அக்கா. ஆங்கிலேயர் கடைசியில் அதிர்வொலி வந்தால் அதற்கு முந்தைய உயிரைக் கொஞ்சம் நீட்டுவார்கள். பை என்ற சொல்லில் உயிர் நீளம், முதுகில் குறுக்கம். பாட்டி அதைச் செய்கிறாரா என்று பாருங்கள். செய்யாவிட்டால் ஒலியை நம்பாதீர்கள், வாக்கியத்தைத்தான் நம்பவேண்டும்.

'வாட்டர்' பற்றி: பட்டியலை மட்டும் வைத்து நான் 'வாரர்' என்று கணித்திருப்பேன். 1957-இல் லாடோ என்ற மொழியியலாளர் சொன்ன வழி அதுதான். இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே இடறும் என்று தெரிந்துவிடும் என்றார். அப்புறம் ஃப்ளெகே போன்ற ஒலியியல் ஆய்வாளர்கள் வந்து, முழுக்கப் புதிய ஒலி சீக்கிரம் பிடிபடும், கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதுதான் காலத்துக்கும் இடறும் என்றார்கள். பாட்டிக்கு எஃப் வந்துவிட்டது, ஆனால் ஏற்கெனவே இருந்த க இடறுகிறது என்பது அதற்குப் பொருந்தித்தான் வருகிறது.

பாளைக்காரி

வேலணையூரான் ஐயா, தேடிப் பார்த்தேன். 'வாட்டர்' 14 தடவை வருகிறது. ஒன்றில்கூட ரகரம் இல்லை, எல்லாம் நல்ல அழுத்தமான ட, முதல் எழுத்து மட்டும் வி. வாத்தியார் சொன்னது மாதிரி பள்ளிமொழி அங்கே கை கொடுத்திருக்கிறது போல.

உயிரின் நீளத்தையும் பார்த்தேன். பாட்டி நீட்டவில்லை. வாக்கியத்தை வைத்துப் பார்த்ததில் ஏழு 'பேக்'கில் ஐந்து முதுகு. விறகு சுமந்ததைப் பற்றிப் பேசுகிறார். ஒன்று மாவுப் பை. ஒன்று மட்டும் எந்தப் பக்கமும் சாயவில்லை, அதற்குக் குறி போட்டுவிட்டேன். கொங்குத்தென்றல் அண்ணா, அந்த ஒன்று உங்களுக்காக.

முத்துநகர்

இவர்கள் ஆங்கிலத்தைக் காதில் பழக்கிக்கொள்ள யூடியூபில் யாருடைய பேச்சைக் கேட்கலாம்? ஹாகே கெயின்காப் அதிபராக இருந்தவர், அவரும் டமராதானே?

கீட்மன்ஸ்ஹூப்_வாத்தியார்

ஆமாம் தம்பி, அவர் தாய்மொழி இதுவே. 1990-இல் முதல் பிரதமர், 2015-இல் இருந்து 2024 பிப்ரவரியில் காலமாகும் வரை அதிபர். கம்பீரமான குரல், கேட்கவேண்டியதுதான். ஆனால் அவர் இளமையிலேயே நாட்டைவிட்டுப் போய் நியூயார்க்கில் படித்து, பல வருஷம் அமெரிக்காவில் இருந்து, ஐ.நா. பணியும் பார்த்தவர். கடைசியில் முனைவர் பட்டம் லீட்ஸில். அவர் ஆங்கிலத்தை வைத்து ஊரில் இருந்த பாட்டியின் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள முடியாது. வயதும் சேர்ந்து பார்க்கவேண்டும். இன்றைய பிள்ளைகள் முதல் மூன்று வகுப்பு தாய்மொழியில் படித்து நாலாவதிலிருந்து ஆங்கில வழிக்குப் போகிறார்கள். என் மாணவர்களில் நகரத்துப் பிள்ளைகள் மூச்சு வைத்த ப-வே சொன்னார்கள், தொலைக்காட்சியில் கேட்டது. பண்ணைப் பக்கத்திலிருந்து விடுதிக்கு வந்தவர்கள் பாட்டியைப் போல.

அம்மா, இன்னொன்று கவனித்தீர்களா? இறந்தகால விகுதி. வேலை செய்தேன் என்பதற்கும் செய்கிறேன் என்பதற்கும் பாட்டியிடம் வித்தியாசம் கேட்கிறதா?

பாளைக்காரி

கேட்கவில்லை! அதைத்தான் கேட்க நினைத்தேன். நடக்கிறேன், நடந்தேன் இரண்டும் 'வாக்'. கடைசி என்ற சொல் 'லாஸ்'. நான் இதுவரை கேட்டபடியே நிகழ்காலமாக எழுதி வந்தேன், படிக்க விநோதமாக இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதை எல்லாம் இப்போது நடப்பதுபோல.

ஒலிவடிவன்

அது இலக்கணப் பிழை இல்லை அக்கா, மெய்யின் கதைதான் என்று நினைக்கிறேன். ஆப்பிரிக்கான்ஸ், டச்சு மொழியிலிருந்து பிரிந்து வந்தபோது சொல் கடைசி மெய்க்கூட்டத்தில் நின்ற ட் பல இடத்தில் உதிர்ந்துவிட்டது. அஞ்சல் என்ற சொல் அங்கே 'போஸ்' என்று முடிகிறது. கொயெகொயெகோவப்பில் காலம் காட்டுவது வினையின் வாலில் ஒட்டும் மெய் அல்ல, தனியாக நிற்கும் சின்னச் சொற்கள். நெடுநாள் முந்தையதற்கு 'கெ', சமீபத்தியதற்கு 'கோ'. ஆகவே வாலில் ஒரு ட்-ஐத் தொங்கவிடுவது இரண்டு மொழிக்கும் பழக்கமில்லாத வேலை.

சோதிக்க ஒரு வழி. உயிர் சேர்ந்து வரும் இறந்தகால வினைகளைப் பாருங்கள். 'வாண்டட்', 'ஸ்டார்ட்டட்' மாதிரி. அங்கே விகுதி கேட்டால், பாட்டி இறந்தகாலத்தில்தான் பேசுகிறார், மெய்க்கூட்டத்தில் மட்டும் ட் விழுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வந்தேன், போனேன், பார்த்தேன் போன்ற ஒழுங்கில்லாத வினைகளையும் பாருங்கள்.

பாளைக்காரி

பார்த்துவிட்டேன். 'வாண்டட்' ஆறு இடம், ஆறிலும் கேட்கிறது. 'கேம்', 'வென்ட்', 'சா' எல்லாம் சரியாக வருகின்றன. அப்படியானால் அவர் முழுக்க இறந்தகாலத்தில்தான் பேசியிருக்கிறார். முதல் பக்கத்திலிருந்து திரும்பத் திருத்தப்போகிறேன். வழிகாட்டி அனுப்பியவர்களுக்கும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன், உங்கள் எல்லாருடைய குறிப்பையும் சேர்த்து. பதில் வரவில்லை.

கொங்குத்தென்றல்

தங்கச்சி, அந்த ஒரு பக்கத்தை எனக்கும் அனுப்பு. எங்களிடமும் ஆப்பிரிக்கப் பதிவுகள் வரும். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

பாளைக்காரி

நான்கு நாள் கழித்து வருகிறேன். 31 குறியில் 27 போய்விட்டது. மீதி நான்கில் மூன்று இடத்தில் ஒரு விநோதம். பாட்டி ஏதோ ஊர்ப்பெயர் சொல்கிறார், அந்த இடத்தில் மட்டும் ஒலி நறுக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. 'ஐ... கம்ஸ்' என்று கேட்கிறது. மூல ஒலிப்பதிவு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். எனக்கு வந்தது, இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்த பிரதி. பழைய இசைத்தட்டின் 'டிக் டிக்' சத்தத்தை எடுக்கும் வடிகட்டி ஒன்றை அதில் ஓட்டியிருக்கிறார்கள்.

மூலத்தில் கேட்டேன். பாட்டி முதலில் உச்சுக் கொட்டுகிறார், அப்புறம் 'ஐ'. உடனே வண்டிக்காரர் சத்தம், அப்புறம் 'கம்ஸ்'. முழு ஆங்கில வாக்கியத்துக்கு நடுவில் அந்த ஒரு பெயர் மட்டும் அவர் மொழியில். வாத்தியார் ஐயா, இது எந்த ஊர்?

கீட்மன்ஸ்ஹூப்_வாத்தியார்

விண்ட்ஹுக் அம்மா. தலைநகரம். அவர்கள் மொழியில் அந்த ஊரின் பெயர் அதுதான், வெந்நீர் ஊற்று என்று பொருள். ஒற்றைக் கோடு, ஐ, இரட்டைக் கோடு, கம்ஸ். தட்டச்சில் அந்தக் கோடுகளுக்குத் தனி எழுத்துகள் இருக்கின்றன, யூனிகோடில் கிடைக்கும். சாதாரண ஸ்லாஷ் போடாதீர்கள். 2013-இல் தெற்கு மாகாணத்தின் பெயரையே இரட்டைக் கோட்டோடு 'ǁகாரஸ்' என்று அரசு எழுத ஆரம்பித்துவிட்டது, நீங்களும் தைரியமாகப் போடலாம்.

பாளைக்காரி

போட்டுவிட்டேன், மூன்று இடத்திலும். மற்ற பேட்டிகளுக்கும் மூலப் பிரதி கேட்டிருக்கிறேன். அடுத்தது ஒரு தாத்தா, 48 நிமிஷம். முதல் நிமிஷத்திலேயே 'கேப்' என்கிறார். முனையா, தொப்பியா, குகையா என்று பார்க்கவேண்டும்.